தோலில் வலைபோன்ற நிறமாற்றம்: ரத்த உறைவு நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்

கால்களிலும் தொடைகளிலும் மீன்வலையை விரித்தாற்போல் தோன்றும் ஊதா நிறக் கோடுகளைப் பலரும் அழகு சார்ந்த குறையாகக் கருதி விட்டுவிடுகின்றனர். ஆனால், ரத்தக் குழாய்களுக்குள் தேவையின்றி ரத்தம் உறையும் 'ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்' என்ற நோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பு மண்டலம், பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளையும் அதனுடன் இணைந்த புரதங்களையும் தாக்குவதே இந்நோய். விளைவு, கால் சிரைகளில் ரத்தக்கட்டு, இளம் வயதில் பக்கவாதம், தொடர் கருச்சிதைவு ஆகியவை. 1983-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இதனைத் தனி நோயாக விவரித்தார். ஐரோப்பாவில் 1,000 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில் ஏறத்தாழ 24 சதவீதம் பேருக்கு வலைபோன்ற நிறமாற்றம் இருந்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள்.

குளிரில் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இத்தகைய கோடுகள் தோன்றுவது இயல்பு. அவை முழு வளையங்களாக இருக்கும். போர்வை போர்த்தியதும் மறைந்துவிடும். நோயால் வருபவை அறுந்த வலைபோல் ஒழுங்கற்றவை. உடல் சூடேறினாலும் மறையாதவை. பிட்டத்திலும் முதுகிலும்கூடக் காணப்படுபவை. மாநிறத்திலும் கருநிறத்திலும் அவை ஊதாவாகத் தெரியாமல் மங்கிய பழுப்பாகத் தெரியும் என்பதால், இந்தியர்களிடம் எளிதில் கண்ணுக்குத் தப்புகின்றன. பகல் வெளிச்சத்தில் பரிசோதிப்பது நல்லது. இத்தகைய தோல் மாற்றத்துடன் பக்கவாதமும் ஏற்பட்ட ஆறு நோயாளிகளைப் பிரிட்டன் தோல் மருத்துவர் ஸ்னெடன் 1965-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார்.

கணுக்காலைச் சுற்றி வரும் புண்கள் அடுத்த அடையாளம். அளவில் சிறியவை, வலியோ மிகக் கடுமை. ஆறினால் வெண்மையான தழும்பு எஞ்சும். சுருள்சிரைப் புண் என்றோ சர்க்கரை நோய்ப் புண் என்றோ மாதக்கணக்கில் கட்டுப் போடப்படும் நிலையில், அடுத்த ரத்தக்கட்டு மூளையில் ஏற்படும் ஆபத்து நீடிக்கிறது. தோலில் சிறு துண்டை எடுத்துப் பரிசோதித்தால், குழாய்ச் சுவரில் அழற்சி இன்றி உள்ளே ரத்தம் உறைந்திருப்பது தெரியும். விரல் நுனி கறுத்தாலோ, தோல் திடீரெனப் பரவலாகக் கறுத்து மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோயை உறுதிசெய்ய மூன்று ரத்தப் பரிசோதனைகள் உள்ளன. தொற்றுநோய்களின்போது தற்காலிகமாகவும் இந்த எதிரணுக்கள் தோன்றும் என்பதால், குறைந்தது 12 வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அவற்றுள் ஒன்றின் பெயர் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்', அதாவது உறைவுத் தடுப்பான். சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்துவது உடலுக்குள் உறையச் செய்வதால், இந்தப் பெயர் மருத்துவ மாணவர்களையே குழப்புவதுண்டு. உறைவுத் தடுப்பு மருந்து தொடங்குவதற்கு முன்பே இதற்கான ரத்தத்தை எடுப்பது சிறந்தது.

கர்ப்பகாலப் பரிசோதனையில் விடிஆர்எல் முடிவு தவறாக 'பாசிட்டிவ்' எனக் காட்டுவதற்கும் இந்நோய் காரணமாகலாம். மேகநோய் என்ற பழி ஒரு பெண்ணின் மீது விழும் முன், டிபிஎச்ஏ போன்ற உறுதிப்படுத்தும் சோதனை அவசியம்.

தோலில் கோடுகள் மட்டும் இருப்பவர்களுக்குப் பொதுவாக உறைவுத் தடுப்பு மருந்து தேவைப்படுவதில்லை. புகைப்பழக்கத்தையும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளையும் தவிர்க்குமாறு அவர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். சிரையில் ரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்கு வார்பரின் மாத்திரை அளிக்கப்பட்டு, ஐஎன்ஆர் அளவு 2 முதல் 3-க்குள் பேணப்படுகிறது. கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதிலாக ஹெப்பரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தரப்படுகின்றன. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத ரிவராக்சபன் மாத்திரைக்கு மாற நோயாளிகள் விரும்புவது இயல்பே. ஆனால், மூன்று பரிசோதனைகளிலும் 'பாசிட்டிவ்' வந்தவர்களிடம் நடைபெற்று 2018-இல் வெளியான ஆய்வு, அம்மருந்தை உட்கொண்டோருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதிகரித்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.