புல்லட்டுக்கு ஜாதகம் தேடின கதை

பழைய புல்லட் வாங்கப் போறேன்னு சொன்னா, கேக்கிறவங்க எல்லாரும் "ஸ்டார்ட் ஆகுதா?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. ஸ்டார்ட் ஆகலைன்னா ஆக வெச்சுக்கலாம் மக்களே. கேக்க வேண்டியது "ஆர்.சி. புக் இருக்கா?" என் 1965 மாடல் 350 சிசி புல்லட்டுக்கு இல்லை. இல்லைன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி பேப்பர் கிடைச்சப்புறம்னு பேசி, அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கிட்டேன். (நாலு வருஷமா சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டினதுல கத்துக்கிட்ட ஒரே நல்ல விஷயம், எதையும் எழுத்துல வாங்கிக்கிறது.)

கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர். ஊசி செய்றதுக்குப் பேர் போனது. என்ஃபீல்டு கம்பெனியோட மூதாதையும் ஒரு ஊசிப் பட்டறைதான். அதுலேர்ந்து சைக்கிள், 1901-ல் மோட்டார் சைக்கிள், 1932-ல் புல்லட் என்ற பேர். பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வெச்ச 350 சிசி புல்லட் 1949-ல் விற்பனைக்கு வந்தது. நம்ம ராணுவத்துக்கு எல்லை ரோந்துக்கு வண்டி தேவைப்பட்ட நேரம். 1950-களோட ஆரம்பத்துல மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமா நூற்றுக்கணக்குல வாங்கினாங்க. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர்ல. காதறுந்த ஊசியைப் பாடின பட்டினத்தார் அடங்கின ஊருக்கு, ஊசி செஞ்ச ஊர்லேர்ந்து கம்பெனி வந்திருக்கு பாருங்க!

முதல்ல பெட்டி பெட்டியா வந்த பாகங்களை இங்கே பூட்டினாங்க. 1957-ல் அச்சுகளும் கருவிகளுமே கப்பலேறி வந்துடுச்சு. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிட்டாங்க. 1970-ல் இங்கிலாந்துல உற்பத்தியே நின்னு போச்சு. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாச்சு. தாய்வீடு இடிஞ்சப்புறம் பொண்ணு சீர் கொண்டு போன மாதிரி.

இந்தக் கதையை எல்லாரும் பெருமையா சொல்வாங்க. என்னை மாதிரி ரிப்பேர் பண்றவனுக்கு இதுல வேற ஒரு விஷயம் இருக்கு. ரெட்டிச்காரங்க 1950-களிலேயே டிசைனை மாத்திக்கிட்டே போனாங்க. நாம கிடைச்சதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டோம். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். சின்னச் சின்ன மாற்றங்களோட அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் இந்த நூற்றாண்டோட முதல் பத்து வருஷம் வரைக்கும் தாக்குப் பிடிச்சது. அதனால 1965 வண்டிக்கு 1985 வண்டியோட சாமான் பெரும்பாலும் பொருந்தும். புதுப்பேட்டையில ஒரு சனிக்கிழமை சுத்தினா கிளட்ச் பிளேட்டுலேர்ந்து மட்கார்டு வரைக்கும் அள்ளிக்கிட்டு வரலாம்.

என் வண்டியைப் பிரிச்சப்போ இது நல்லாத் தெரிஞ்சது. கியர்பாக்ஸ் வேற ஏதோ வண்டியோடது. முன் சக்கரம் பிற்பாடு வந்தது. டேங்க் மேல நாலு அடுக்கு பெயின்ட். உரிச்சா கறுப்பு, கீழே மெரூன், அதுக்குக் கீழே பச்சை, கடைசியா மறுபடியும் கறுப்பு. சிலிண்டரை ஏற்கனவே ரெண்டு தடவை ரீபோர் பண்ணியிருக்காங்க. நிச்சயமா 1965-ஐச் சேர்ந்ததுன்னு சொல்லக்கூடியது சேஸிஸும் கிராங்க்கேஸும்தான். எல்லாத்தையும் மாத்திட்டா அதே வண்டியான்னு தத்துவம் பேசுறவங்க பேசட்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இதுக்குத் தெளிவா பதில் வெச்சிருக்காங்க: சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். மிச்சமெல்லாம் சும்மா இரும்பு.

அதனால இந்த வண்டியில நான் ரொம்பக் கவனமா வேலை பார்த்த இடம் எஞ்சின் இல்லை, ஹேண்டில்பார் கழுத்துக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு அங்குலம். அங்கேதான் சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கு. துருவை எடுக்கிறேன்னு கிரைண்டரை வெச்சா நம்பர் போயிடும். பவுடர் கோட்டிங் கொடுத்தா அந்தத் தடிமன்ல மூடிக்கும். மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பொறுமை, அவ்வளவுதான். கிராங்க்கேஸ் விரிசல் விட்டிருந்ததால "வேற ஒண்ணு போட்டு இதே நம்பரை குத்திடலாம் தம்பி"ன்னு ஒருத்தர் ரொம்ப அன்பா சொன்னார். அதுக்குப் பேர் ரிப்பேர் இல்லைங்க, ஃபோர்ஜரி. விரிசலை வெல்டிங் பண்ணித்தான் சரி செஞ்சோம்.

இனி பேப்பர். 1939 மோட்டார் வாகனச் சட்டத்துக் காலத்துல மெட்ராஸ் மாநில வண்டிகளுக்கு எம் எழுத்துல நம்பர் ஆரம்பிக்கும். 1969-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வந்தப்புறம் டி. எம்.ஜி.ஆரோட அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777 ஞாபகம் இருக்கா? 1988 சட்டம் 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. டி.என். போட்டு ஆபீஸ் எண் போடற இப்போதைய முறை அதோட வந்ததுதான். சொந்த வண்டிப் பதிவுக்கு 15 வருஷ ஆயுள், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். புதுப்பிச்சுக்கிட்டே வந்த வண்டிகளோட விவரம் கைப்பதிவேட்டிலேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஏறிச்சு. கொட்டகையில தூங்கின வண்டிகள் பதிவேட்டிலேயே தங்கிடுச்சு. இணையத்துல என் வண்டி நம்பரைப் போட்டா அப்படி ஒரு வண்டியே இல்லைங்குது. கண்ணு முன்னாடி நூத்தம்பது கிலோவுக்கு மேல இரும்பு நிக்குது, இல்லையாம்!

டூப்ளிகேட் ஆர்.சி.க்குப் படிவம் 26. ஆனா பதிவு பண்ண உரிமையாளர்தான் கேக்க முடியும். எனக்கு வித்தவர் ஒரு மெக்கானிக். அவருக்கு வித்தவர், அவருக்கும் வித்தவர்னு மூணு கை மாறியிருக்கு, யாரும் பேர் மாத்தலை. இது நம்மூர்ல சர்வ சாதாரணம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்குல, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்புன்னு சொல்லிடுச்சு. வண்டியை வித்துட்டு பேர் மாத்தாம இருக்கிற புண்ணியவான்கள் கவனிக்க.

துப்பு கிடைச்சது வரி டோக்கன் மாட்டுற வட்டத் தகரக் கூட்டுல. கண்ணாடிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டிருந்த தாள்ல நம்பரும் ஆபீஸ் முத்திரையில பாதியும் இருந்துச்சு. அந்த மாவட்ட ஆபீஸுக்கு மூணு தடவை லீவு போட்டுப் போனேன். மூணாவது தடவை, ரிட்டயர் ஆகப் போற ஒரு அம்மா தூசி தட்டி ஒரு பதிவேட்டை எடுத்தாங்க. நீல மையில எழுதியிருந்த சேஸிஸ் நம்பரும் என் செல்போன்ல இருந்த படமும் ஒண்ணு! எஞ்சின் நம்பரும் சரி. அந்த நிமிஷம் இருக்கே... முதல் சம்பளம் வாங்கினப்போ கூட அப்படி இல்லை.

உரிமையாளர் இறந்து போயிட்டார். அதே தெருவுல மகன் இருக்கார், அவருக்கே எழுபது வயசு. வண்டி படத்தைக் காட்டினதும் வலது கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். கிக்கர் திருப்பி அடிச்ச தழும்பு. அப்பா வித்தாரா, கடனுக்குக் கொடுத்தாரான்னு அவருக்குத் தெரியலை. இனிமே வாரிசுச் சான்றிதழ், வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31, டூப்ளிகேட்டுக்குப் படிவம் 26, போலீஸ் சான்று, அப்புறம் எனக்கு மாத்த 29, 30, புதுப்பிக்க 25.

"இதெல்லாம் எதுக்கு, வின்டேஜ் நம்பர் வாங்கிடு"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. 2021 ஜூலையில வந்த மத்திய அரசு விதி அது. முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டின, அதிகம் மாற்றாத வண்டிக்கு வி.ஏ. எழுத்து சேர்ந்த தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். இதுல வேடிக்கை என்னன்னா, இந்தியாவுல ஏற்கனவே பதிவான வண்டிக்கு அதுலயும் பழைய ஆர்.சி. கேக்கிறாங்க. பேப்பர் பத்திரமா இருக்கிறவனுக்கு மரியாதை செய்யற விதி. எனக்கு வழி அந்த நீல மைப் பதிவேடுதான்.

பெரியவரோட ரெண்டு தங்கச்சிகள்ல ஒருத்தர் புனேயில இருக்காங்க, அவங்க கையெழுத்து தபால்ல வரணும். மத்தவங்க போட்டுட்டாங்க. சேஸிஸ் நம்பருக்கு மேல தாளை வெச்சுத் தேய்ச்சு பென்சில் பிரின்ட் நாலு காப்பி எடுத்து வெச்சாச்சு. போன ஞாயித்துக்கிழமை டீகம்ப்ரஷரைப் பிடிச்சு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து உதைச்சதுல ஏழாவது உதையில எஞ்சின் எழுந்துச்சு. பெரியவர் போன்லயே கேட்டுட்டு, டேப்பெட் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னார். இருக்கு, இந்த வாரம் பார்க்கணும்.