டீசல் தொட்டி கீழே இறங்கிய கதை

எங்க பக்கம் டீசல் முதல்ல வந்து சேர்ந்தது வண்டியில இல்லைங்க, கிணத்து மேட்டுல. மாடு கட்டிக் கவலை இறைச்ச காலம் போய் ஆயில் இன்ஜின் வந்துச்சு. அதுல டீசல் தொட்டி இன்ஜினுக்கு மேல உட்கார்ந்திருக்கும். டீசல் தானா இறங்கி வரும். எங்கயாவது ஓட்டை இருந்தா சொட்டும், கீழே மண்ணு கறுத்துப் போயிருக்கும். இன்ஜின் நின்னுட்டா பம்ப் மேல இருக்கற ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை போய் டீசல் சுத்தமா வர்ற வரைக்கும் விடுவோம். இதுக்குப் பேரு ஏர் எடுக்கறது. எங்க வயசுக்காரங்கள்ல இது தெரியாத ஆள் கம்மி.

இந்தக் காத்து விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. 1897ல ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் ஊர்ல ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டின இன்ஜின்ல, எண்ணெயை உள்ளே தெளிச்சதே காத்துதான். தனியா ஒரு கம்ப்ரெஸ்ஸர் வெச்சு, அமுக்கின காத்தால எண்ணெயை சிலிண்டருக்குள்ள ஊதி விட்டாங்க. மில்லுக்கும் கப்பலுக்கும் அது சரிப்பட்டுச்சு. ரோட்டுல ஓடற வண்டி அவ்வளவு பாரத்தை எப்படிச் சுமக்கும்? ஸ்டுட்கார்ட்ல ராபர்ட் பாஷ் கம்பெனி 1922ல வேலையை ஆரம்பிச்சு, 1927ல ஒரு பம்ப்பைத் தயார் பண்ணி விக்க ஆரம்பிச்சுது. காத்தே இல்லாம டீசலை மட்டும் அமுக்கி நாசிலுக்கு அனுப்பற பம்ப். டீசல் லாரி பெருகினது அதுக்கப்புறம்தான்.

அன்னையிலிருந்து காத்து எதிரி ஆயிடுச்சு. டீசல் லேசுல அமுங்காது, காத்து அமுங்கும். பம்ப்புக்குள்ள குமிழி போயிட்டா தள்ளற தள்ளெல்லாம் அதை நசுக்கறதுலயே போயிடும், நாசில் ஒழுங்கா தெளிக்காது. பம்ப்புக்குள்ள இருக்கற பிளஞ்சருக்கும் அதைச் சுத்தி இருக்கற உருளைக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு தெரியுங்களா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சு, அதுல ரெண்டு மூணு பங்கு. தூசியும் ஆகாது, தண்ணியும் ஆகாது. 1951ல பெங்களூர்ல மைக்கோ கம்பெனி வந்துச்சு. 2008ல அதோட பேரையே பாஷ்னு மாத்திட்டாங்க, ஆனா எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு இன்னிக்கும் பம்ப்புன்னா மைக்கோதான்.

அப்புறம் பிக்கப் வந்துச்சு. இதுல தொட்டி மேல இல்லை, பின்னால கீழே சேசிஸ் ஓரமாத் தொங்குது. முன்னால இருக்கற ஃபீட் பம்ப் அங்கிருந்து டீசலை உறிஞ்சணும். இங்கதான் சிக்கல். உறிஞ்சற குழாயில விரிசல் விழுந்தா வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். தரை காய்ஞ்சே கிடக்கும். ஆயில் இன்ஜின் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது பிடிபடாது.

எங்க பங்காளி ஒருத்தர் பழைய பிக்கப்புல வாழைத்தார் ஏத்திக்கிட்டு சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் மலை ஏறுவாரு. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. சமதரையில வண்டி அருமையா ஓடும். மலையில திடீர்னு புல்லிங் போயிடும், ரெண்டாவது கியர்லயே திணறும், அப்புறம் தானா சரியாகும். தார் பழுக்கறதுக்குள்ள சந்தைக்குப் போய்ச் சேரணும். வழியில நின்னா வெட்டுக்கூலிகூட மிஞ்சாது. பம்ப் ரூம்ல ரெண்டு தடவை பம்ப்பை இறக்கி கேலிபரேஷன் பண்ணாங்க. பணம்தான் போச்சு. வண்டியைக் காயலாங்கடைக்குப் போட்டுடலாம்னு அவரு முடிவே பண்ணிட்டாரு.

காலையில ஸ்டார்ட் பண்ண எவ்வளவு நேரம் கை பம்ப் அடிக்கறீங்க மாமான்னு கேட்டேன். நாப்பது அடின்னாரு. எனக்கு அதுலயே சந்தேகம் வந்துச்சு. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில டீசல் தொட்டிக்கே திரும்பிப் போயிருக்கு. காத்து நுழையாம அது போகாது. தொட்டிக்குள்ள குப்பை அடைச்சிருந்தா கதை வேற மாதிரி இருக்கும்: வண்டியை நிறுத்தினதும் உறிஞ்சற இழுப்பு விட்டு குப்பை கீழே விழும், பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். தொட்டி மூடியில காத்துத் துளை அடைச்சிருந்தா மூடியைத் திறக்கறப்போ உஸ்ஸுனு சத்தம் வரும். இவரு வண்டியில ரெண்டும் இல்லை.

அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி, சைலன்சர் சூடு படாத இடமாப் பார்த்து இறுக்கிக் கட்டி, அதுல இருந்து ஃபீட் பம்ப்புக்கு நேரா ஒரு ஓஸ் மாட்டினோம். ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்கே விட்டோம். முழு லோடோட அடிவாரத்துல இருந்து நாலு வளைவு ஏறினாரு, ஒரு திணறல் இல்லை. அப்போ பம்ப், நாசில், ஃபில்டர் எல்லாம் நல்லா இருக்கு, கோளாறு பின்பக்கம்தான். மறுபடி பழைய குழாயை மாட்டி, நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு ஓஸ் துண்டு வெச்சுப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டரை அமுக்கினதும் சோடா மாதிரி குமிழி ஓடுச்சு. இன்ஜின் அதிகமாக் கேக்கறப்போ உறிஞ்சற இழுப்பும் கூடுது, அதனாலதான் மலையில மட்டும் தகராறு.

தொட்டிக்குப் பக்கத்துல, கிளாம்ப் மாட்டியிருந்த இடத்துல ரப்பர் மயிரிழை அளவு வெடிச்சிருந்துச்சு. ரெண்டு முழம் டீசல் ஓஸும் ரெண்டு கிளாம்ப்பும் வாங்கிட்டு வந்து மாட்டினோம். அடுத்த வாரம் திம்பம் மேல நின்னுக்கிட்டு டீ குடிச்சிட்டே போன் பண்ணாரு.