குளுகோர்க் கம்பத்து மாட்டுக்கொட்டகைகளும் உண்ணி மருந்தும்

பினாங்குத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டு எழுந்த மாரியம்மன் ஆலயத்தையும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், கிட்டங்கித் தெருவில் பெட்டியடியில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரையும், 1894-ஆம் ஆண்டு முதல் தைப்பூசத்தில் பவனி வரும் வெள்ளி ரதத்தையும் விஸ்தாரமாக வருணித்து, அத்துடன் தம் பணி முடிந்ததாகக் கருதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவையெல்லாம் போற்றத்தக்கவையே. ஆனால் அந்த ரதத்தை இழுத்த எருதுகளை யார் வளர்த்தார்கள், பூசத்தன்று பால்குடங்களை நிரப்பிய பசும்பால் எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது, அந்தக் கறவைகளின் மேனியை உண்ணி அண்டாமல் எந்தக் கைகள் காத்தன என்ற கேள்விகளுக்கு அந்தச் சரித்திரங்களில் விடை கிடையாது. கோயில் கட்டியவர்களுக்குக் கல்வெட்டு உண்டு. மாடு மேய்த்தவர்களுக்கு இல்லை. அவர்களுடைய அன்றாட வாழ்வையும், அந்த வாழ்வின் மையமாயிருந்த ஒரு சிறிய கைவைத்தியத்தையும் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே குளுகோர் என்னும் பிரதேசத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் பெரும் தோட்டம் ஒன்றை விருத்தி செய்தார். மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் தருவித்த ஜாதிக்காய்க் கன்றுகள் பினாங்கில் வேரூன்றிப் பெரும் செல்வம் தருமென்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஜாதிக்காய் மரமோ எளிதில் திருப்தியடையாத மரம். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக எரு வேண்டும். எரு வேண்டுமென்றால் மாடு வேண்டும். மாடு வேண்டுமென்றால் மாட்டின் மனமறிந்த ஆள் வேண்டும். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் இத்தீவில் மாட்டுடன் பிணைக்கப்பட்டிருந்ததற்கு இது ஒரு காரணம், மற்றொன்று வண்டி. நகரத்துக்குக் குடிநீரைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்ற மாட்டுவண்டிகள் ஓடிய பர்மா சாலையைச் சீனர்கள் இன்றைக்கும் தண்ணீர்வண்டிச் சாலை என்றே வழங்குகிறார்கள். 1860-ஆம் ஆண்டு வாக்கில் நோய் தாக்கி ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்துபோயின. மரம் போயிற்று, மாடும் மாட்டுக்காரரும் தங்கிவிட்டார்கள்.

அப்படித் தங்கியவர்களின் ஊர்களில் மிகவும் பெயர்பெற்றது கம்போங் புவா பாலா. ஜாதிக்காயின் பெயரையே தாங்கி நின்ற அக்கம்பத்தின் (மலாயில் கம்போங், அதாவது சிற்றூர்) தமிழர், தம் முன்னோர் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். கன்றுகாலிகள் தெருவில் தடையின்றி நடமாடிய காட்சியைக் கண்ட நகரவாசிகள், அறுபதுகளின் இறுதியில் தொலைக்காட்சியில் ஓடிய அமெரிக்க மாட்டுப்பண்ணைத் தொடர் ஒன்றின் பெயரையே சூட்டி, அதை ‘ஹை சாப்பரல்’ என்று அழைக்கலானார்கள். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்ததாயினும் வாழ்க்கை முற்றிலும் தமிழ்க் குடியானவனுடைய வாழ்க்கையே. கோழி கூவுமுன் எழுந்து, கன்றை ஊட்டவிட்டுப் பின் மடிகழுவிக் கறந்து, பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடுவீடாகவும் காப்பிக்கடைகளுக்கும் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். அதன்பின் சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் புல்லறுத்துச் சாக்கில் திணித்துக் கொண்டுவர வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கு ஊறவைக்க வேண்டும். சாணி வாரி, கொட்டகையைக் கழுவி, மாலைக் கறவைக்கு ஆயத்தமாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணமும் நெற்றிக்குக் குங்குமமும் பெற்ற அந்தப் பசுக்களை, அவை தாமே இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த மாடுகளின் சந்ததி ஆதலால், மலேசியக் கால்நடைத் துறையார் ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த வாழ்க்கைக்கு ஓயாத சத்துருவாக இருந்தது உண்ணி. ஊரில் இருந்ததைவிடப் பினாங்கில் அதன் தொல்லை மிகுதி. அதற்குக் காரணம் சீதோஷ்ணம். தஞ்சைச் சீமையில் சித்திரை வைகாசி வெயிலில் வயல் வெடித்து, புல் கருகி, புல்நுனியில் ஏறிக் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சுகள் ஈரமின்றி உலர்ந்து மடியும். இயற்கையே வருஷத்துக்கு ஒருமுறை மேய்ச்சல் நிலத்தைச் சுத்தி செய்துவிடும். பினாங்கிலோ தை மாசி மாதங்களில் சற்றே வறட்சி தலைகாட்டுவதைத் தவிர, வருஷமெல்லாம் மழையும் வருஷமெல்லாம் பச்சையுமாக இருப்பதால் உண்ணிக்கு ஓய்வுக்காலம் என்பதே கிடையாது. மாட்டின்மேல் ஏறிய குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் அதே மாட்டின் குருதியை உண்டு வளர்ந்து, பெண்ணாயின் முற்றிய ஆமணக்கு விதையளவு பருத்துக் கீழே விழுந்து, புல்லடியிலோ கொட்டகை வெடிப்பிலோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மடிகிறது. கண்ணில் படாமல் தப்பிய ஒரே உண்ணி எவ்வளவு பெரிய சேனைக்குத் தாயாகிறது என்பதை மாட்டுக்காரன் கணக்குப் போட்டு அறியவில்லை, அனுபவத்தில் அறிந்திருந்தான்.

ஆகவே அவனுடைய வைத்தியம் மருந்தில் தொடங்கவில்லை, விரலில் தொடங்கியது. தினமும் தேங்காய் நாரால் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வேளையில், காதின் உள்மடிப்பு, அலைதாடியின் கீழ்ப்புறம், முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலின் அடி என்று உண்ணி விரும்பும் இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்கள். விரல்நுனியில் தட்டுப்பட்டதைத் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, அருகில் வைத்திருக்கும் மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போடுவார்கள். நசுக்குவதில்லை, தரையில் எறிவதுமில்லை. பிடுங்கிய இடத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிவிடுவார்கள். பெரும்பாலும் இந்த வேலை வீட்டுப் பெண்களையும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளையும் சார்ந்தது. பசுவும் இதற்குப் பழகி, காதைத் தொட்டவுடன் தலையைத் தாழ்த்தித் தரும். மாடுகளோடு திரிந்த கொக்கும் மைனாவும் மிஞ்சியவற்றைக் கொத்தியெடுத்தன.

மருந்து என்று பார்த்தால், ஊரிலிருந்து வந்தவை சில, இத்தீவு தந்தவை சில. கோயில் முற்றத்திலும் வீட்டுப் புறக்கடையிலும் வளர்ந்த வேம்பின் இலையை அரைத்துப் பூசுவதும், அதன் எண்ணெயில் கற்பூரம் கலந்து புண்ணின்மேல் இடுவதும், வசம்பை இழைத்துத் தடவுவதும் ஊர் முறை. 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே மனிதரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து ஓடிய ரஜூலா கப்பல் உள்ளவரை, அந்த முறைக்கு வேண்டிய சரக்குகளுக்குக் குறைவில்லை. இத்தீவின் மண்ணில் புதராய் மண்டியது செராய் என்னும் எலுமிச்சைப்புல்; அதன் இனமான செராய் வாங்கியின் வாசனைத் தைலம் கொசுவையும் ஈயையும் விலக்குவதை மலாய்க்காரர் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். மாலையில் சாணி வரட்டியும் வேப்பிலையும் செராய்த்தாளும் இட்டுக் கொட்டகையில் மூட்டம் போடுவது பொழுதோடு சேர்ந்த கடமை. மூட்டத்தின் புகை ஈயையும் கொசுவையும் விரட்டும். ஏற்கெனவே தோலில் கடித்துப் பற்றிய உண்ணியை அது ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லாமல் விடுவது பழைய முறைகளுக்கு மரியாதை ஆகாது என்று கருதுகிறேன். புகையிலை ஊறிய நீரும் அவ்வாறே எச்சரிக்கைக்குரியது. உண்ணி அதற்கு மடியும் என்பது மெய். ஆனால் புகையிலையின் நஞ்சு தோல் வழியே உடலில் ஏறக்கூடியது, இளங்கன்றுக்கு அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. சீத்தாப்பழ விதைத் தூளும் பேனையும் உண்ணியையும் ஒழிக்கும். மாட்டின் கண்ணில் பட்டாலோ பெருங்கேடு விளைவிக்கும்.

தூபா வேரின் வரலாறு இவ்விடத்தில் தனியே சொல்லத்தக்கது. மலாய்க்காரர் ஓடையில் மீனை மயக்கிப் பிடிக்க அவ்வேரை இடித்துக் கலக்குவர். சீனத் தோட்டக்காரர் கீரைப் பாத்திகளில் பூச்சிக்கு அதன் நீரைத் தெளிப்பர். சிங்கப்பூரில் அரசாங்க வைத்தியராயிருந்த தாமஸ் ஆக்ஸ்லி, ஜாதிக்காய் மரத்தைப் பற்றும் பூச்சிகளுக்குத் தூபா நீரைப் பிரயோகிக்கலாமென்று 1848-ஆம் ஆண்டில் எழுதினார். குளுகோரில் மாடு வந்ததும் ஜாதிக்காயின் பொருட்டு. தூபாவை ஐரோப்பியர் கவனித்ததும் ஜாதிக்காயின் பொருட்டு! பின்னர் 1930-களில் மலாயாவிலிருந்து இவ்வேர் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. மாட்டின் தோலுக்கடியில் புழு வளரச் செய்யும் ஈயை ஒழிக்க, தூபாக் கரைசலால் மாடுகளைக் கழுவவேண்டுமென்று 1936-ஆம் ஆண்டு பிரிட்டனில் சட்டமே பிறந்தது. கம்பத்து மக்களின் கையிருப்பு உலக விவசாயத்தின் கையிருப்பாகிய இந்தச் சம்பவத்தை நம் பள்ளிப் புத்தகங்கள் ஒரு வரியேனும் சொல்லியிருக்க வேண்டும்.

உண்ணியால் நோய் பரவுகிறது என்ற உண்மையை 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபித்தார்கள். மாட்டின் சிறுநீர் செந்நீராகி, காய்ச்சல் கண்டு, கறவை வற்றும் அந்த வியாதி எங்கிருந்து வருகிறது என்பதை அதற்குமுன் எவரும் சாஸ்திர ரீதியாகக் காட்டியதில்லை. அதன்பின் பாஷாணம் கரைத்த தொட்டிகளில் மாடுகளை முக்கியெடுக்கும் முறை உலகெங்கும் பரவியது. 1930-களில் ஆஸ்திரேலியாவில் உண்ணி பாஷாணத்துக்கே பழகிவிட்டது. யுத்தத்துக்குப்பின் வந்த டி.டி.டி.யும் அதன் கதியையே அடைந்தது. இந்திய மாட்டின் தோலுக்கு உண்ணியை எதிர்த்து நிற்கும் சுபாவம் இயல்பாக உண்டு. ஐரோப்பிய இரத்தம் மிகுந்த மாட்டுக்கு அது குறைவு. எழுபதுகளில் பாலைப் பெருக்கும் பொருட்டு ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாகிவால், பிரீசியன் கலப்பு மாடுகளை மலேசிய அரசாங்கம் தருவித்தபோது, பால் அதிகமாயிற்று, மருந்துச் செலவும் அதிகமாயிற்று. தம் பழைய மாட்டை விட மறுத்த கம்பத்துக்காரர் அறிவீனர் அல்லர். தம்மிடமிருந்த மாட்டின் குணத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. மறு ஆண்டு செப்டம்பரில், நில வழக்கில் தோல்வியுற்ற கம்போங் புவா பாலாவின் வீடுகள் இடிக்கப்பட்டன. இருபத்துநான்கு குடும்பங்கள், அவற்றோடு மாட்டுக்கொட்டகைகள். பாரம்பரிய எல்லைக்கோட்டுக்கு வெளியே, சில மைல் தொலைவில் இருந்ததனால் அக்கொட்டகைகளுக்கு எவ்விதப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வழக்கின் சட்ட நியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் சுவருக்கும் ஓட்டுக்கும் மதிப்புக் கொடுக்கத் தெரிந்த ஒரு நகரம், நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தீவின் குழந்தைகளுக்குப் பாலூட்டிய தொழிலை ஓர் ஏட்டில்கூடப் பதிந்து வைக்காமல் போகவிட்டது பெரும் நஷ்டம் என்பதை மனம் பொறாமல் சொல்லவேண்டியிருக்கிறது. கொட்டகைகளை நடத்திய முதியவர்கள் இன்னும் சிலர் உள்ளபோதே அவர்களை அணுகி, எந்த இலை, எந்த அளவு, எந்த வேளை என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது பினாங்குத் தமிழ்ச் சங்கங்கள் உடனே செய்யவேண்டிய காரியம்.

தாயகத்தில் அந்த வேலை நடந்திருக்கிறது. தஞ்சையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர்கள் கிராமத்துக் கைவைத்தியங்களைத் திரட்டிச் சோதித்தார்கள்; அவ்வகை முறைகளை இந்தியத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பி வருகிறது. அவற்றில் உண்ணிக்குரியது இது: பூண்டுப் பல் பத்து, வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு பத்து கிராம், மஞ்சள்தூள் இருபது கிராம், எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் நீரில் கலக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். வெயில் நேரத்தில் மாட்டின் மேனி முழுதும் தெளிப்பதோடு, கொட்டகைச் சுவரின் வெடிப்புகளிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, உண்ணி அற்றுப்போகும் வரை. பட்டியலிலுள்ள உண்ணிச்செடி பினாங்கின் சாலையோரமெங்கும் மஞ்சளும் செம்மையுமாகப் பூத்துக் கிடக்கிறது. அதன் இலையை மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும் என்பதால், அரைத்த சக்கையை மாடு எட்டாத இடத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும்.