க்ளீவெக் மாத்திரையும் ராஜகோபால ஐயங்கார் அறிக்கையும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொறந்தது புதுக்கோட்டையிலன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினது அவங்கதான்னு பாதிப் பேருக்குத் தெரியும். அதே நோய்க்கான ஒரு மாத்திரைக்காக அதே சென்னையில் வருஷக்கணக்கா ஒரு சண்டை நடந்துச்சு. அதைப் பத்தி யாரும் பேசிக் கேட்டதில்லை. கொஞ்சம் சட்டம் வரும், பொறுத்துக்குங்க மக்களே :-)

மாத்திரையோட பேரு இமாடினிப். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கானது. தினமும் போட்டுக்கிட்டு வந்தா வருஷக்கணக்கா வேலைவெட்டி பார்த்துக்கிட்டு இருக்கலாம். கீரமங்கலம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் இதைப் போட்டுக்கிட்டுதான் பூக்கொல்லை பார்க்கிறார். ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி இதை 'க்ளீவெக்'ங்கிற பேர்ல வித்தது, மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. (நோவார்ட்டிஸ் பல நோயாளிகளுக்கு இலவசமாவும் கொடுத்தது. அதையும் சொல்லிடணும்.)

அந்த 8,000 ரூபாய் எப்படி சாத்தியமாச்சு? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

வெள்ளைக்காரன் காலத்து 1911 காப்புரிமைச் சட்டப்படி மருந்துக்கே காப்புரிமை வாங்கலாம். வேற வழியில் அதைச் செய்யத் தெரிஞ்சாலும் நீங்க விற்க முடியாது. சுதந்திரத்துக்கு அப்புறம் இதை ஆராய மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி என்.ராஜகோபால ஐயங்காரை அரசு நியமிச்சது. 1959-ல் அறிக்கை கொடுத்தார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டுக்காரங்க கையில் இருக்கு, அதில் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரலைன்னு அதில் புட்டுப்புட்டு வச்சார். அப்படியும் சட்டம் வர 1970 ஆச்சு, அமலுக்கு வர 1972. இனி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். நம்ம வேதியியல்காரங்களுக்கு அது போதாதா? வேறு வேறு செய்முறை கண்டுபிடிச்சு மருந்துகளைச் செஞ்சு தள்ளினாங்க.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. 2005-க்குள் மருந்துக்கு மறுபடி காப்புரிமை கொடுத்தே ஆகணும்னு ஒப்பந்தம். அதுவரைக்கும் வர்ற விண்ணப்பங்களைப் பெட்டியில் போட்டு வச்சாங்க. அப்படி 1998-ல் சென்னை அலுவலகத்துப் பெட்டியில் விழுந்ததுதான் நோவார்ட்டிஸின் 1602/எம்.ஏ.எஸ்./98. (எம்.ஏ.எஸ். என்றால் மெட்ராஸ்.) பெட்டி திறக்குறதுக்கு முன்னாடியே, 2003 நவம்பரில், அவங்களுக்குத் தனி விற்பனை உரிமை கிடைச்சது. அதை வச்சுக்கிட்டு மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தடை வாங்கிச் சில இந்தியக் கம்பெனிகளை நிறுத்தவும் செஞ்சாங்க. மாசம் 8,000 கொடுத்து வாங்கிக்கிட்டு இருந்தவங்க அப்ப என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க....

2005-ல் நாடாளுமன்றம் மருந்துக் காப்புரிமையைத் திரும்பக் கொண்டுவந்தப்போ 3(d)-ன்னு ஒரு பிரிவையும் சேர்த்தது. தெரிஞ்ச பொருளோட புது வடிவத்துக்கு, பலன் கூடினால் ஒழிய காப்புரிமை இல்லை. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபம் கொடுக்க, 2006 ஜனவரி 25-ல் சென்னை அலுவலகம் நோவார்ட்டிஸ் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செஞ்சது. அவங்க விடலை. 3(d) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2007 ஆகஸ்ட் 6-ல் நீதிபதிகள் ஆர்.பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் அதையும் தள்ளுபடி செஞ்சாங்க. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டும் முடியாதுன்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பில் ஐயங்கார் அறிக்கைக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்காங்க. 54 வருஷம் கழிச்சு!

ஆராய்ச்சிக்குக் காசு வேணாமான்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். கோர்ட் கேட்டது வேற. மூலக்கூறு ஏற்கனவே தெரிஞ்சது, நீங்க கொண்டு வந்தது அதோட புதுப் படிகம். உடம்பில் 30 சதவீதம் கூடுதலா சேருதுன்னு சொல்றீங்க சரி, நோய் அதனால கூடுதலா குணமாகுதா? அதைக் காட்ட முடியலை.

இதுக்குக் கொஞ்சம் முன்னாடி இன்னொரு கூத்து. பேயர் கம்பெனியின் நெக்ஸாவர், சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கானது. மாசத்துக்கு சுமார் 2,80,000 ரூபாய். இதுக்கு முறைப்படி காப்புரிமை உண்டு. ஆனா தேவைப்பட்டவங்களில் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் மருந்து போய்ச் சேர்ந்துச்சு. காப்புரிமை வச்சிருக்கிறவங்க வருஷா வருஷம் அரசுக்குக் கொடுக்க வேண்டிய கணக்குப் படிவமே அதைக் காட்டிக் கொடுத்தது. 2012 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கிடைச்சது, விலை 8,800 ரூபாய் சொச்சம். அடுத்த வருஷம் மேல்முறையீட்டு வாரியத் தலைவரா இருந்து அதை உறுதி செஞ்சவர் அதே பிரபா ஸ்ரீதேவன்.

இப்ப ஏன் இந்தப் பழைய கதைன்னா, 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகளைத் திருத்தினாங்க. க்ளீவெக்கைத் தடுத்தது, காப்புரிமை கொடுக்கும் முன்னாடியே கொடுத்த ஆட்சேபம். அதுக்கு முன்பு கட்டணம் கிடையாது, இப்ப உண்டு. ஆட்சேபத்தை விசாரணைக்கு எடுக்கலாமான்னும் அதிகாரி முதலில் பார்ப்பார். நெக்ஸாவரில் கைகொடுத்தது அந்த வருஷக் கணக்குப் படிவம். அதை இனி மூணு வருஷத்துக்கு ஒருதடவை கொடுத்தா போதும்.