லொறிக்கு வந்த சுழற்சிமானி

கொழும்புத் துறைமுகத்தில் பாரம் ஏற்றிய லொறிகள் பல ஒருகொடவத்தைச் சந்தியைக் கடந்து களனிப் பாலத்தை நாடுகின்றன. பாலத்தின் அப்புறம் கண்டி வீதி. கொழும்பிலிருந்து கண்டி 72 மைல். அதிற் பெரும்பகுதி லொறிக்குத் தொல்லை தராதது. கடுகண்ணாவைக் கணவாய் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. 1820களிற் கப்டன் டோசன் மலையைக் குடைந்து அமைத்த அவ்வீதி மாட்டு வண்டிகளை எண்ணி அமைந்தது. பத்துத் தொன் பாரத்தோடு இறங்கும் டீசல் லொறியை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

பழைய லொறி ஒன்றின் முகப்புப் பலகையில் வேகமானி, எண்ணெய் அழுத்தமானி, எரிபொருள்மானி ஆகியவை இருக்கும். சிலவற்றில் நீரின் வெப்பத்தைக் காட்டும் மானியும் உண்டு. இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று கூறும் டாக்கோமீற்றர், அதாவது சுழற்சிமானி, பெரும்பாலும் இராது. இத்தனைக்கும் அக்கருவி மோட்டர் வண்டிக்கு மிக முற்பட்டது. கடதாசி இயந்திரங்களைச் செம்மைப்படுத்திப் புகழ்பெற்ற பிரையன் டொங்கின் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், இயந்திரங்களின் சுழற்சி வேகத்தை அளக்கும் கருவிக்காக 1810ஆம் ஆண்டிலேயே லண்டன் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். சுழலும் கிண்ணத்தில் உள்ள பாதரசம் விளிம்பை நோக்கி ஏற, நடுவே மட்டம் தாழும். அத்தாழ்வே வேகத்தின் அளவு.

ஏனைய மானிகளும் தொழிற்சாலையிலும் நீராவிக் கொதிகலனிலும் வளர்ந்தவையே. பிரான்சியரான யூஜீன் பூர்டன் 1849இல் உரிமைப் பத்திரம் பெற்ற வளைந்த உலோகக் குழாய், உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிர முயலும். அந்தச் சிறு அசைவே முள்ளைத் திருப்புகிறது. பழைய லொறியின் எண்ணெய் அழுத்தமானிக்குள் இருப்பது அக்குழாயே. 1902இல் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஒட்டோ சூல்ட்சே சுழலும் காந்தத்தைக் கொண்டு வேகமானி அமைத்தார். ஈராண்டு கழித்து லண்டன் கடிகார வணிகரான சிமித் நிறுவனத்தார் ஏழாம் எட்வேட் மன்னரின் மோட்டருக்கு வேகமானி பொருத்திக் கொடுத்தனர். அதே 1904இல் பிரித்தானியாவில் மணிக்கு 20 மைல் என்ற வேக எல்லை நடைமுறைக்கு வந்தது. பொலிசாருக்கு அஞ்சி வேகமானி வாங்கியோரும் இருந்திருப்பர்!

சுழற்சிமானி மட்டும் ஏன் லொறிக்கு வரவில்லை? செலவு ஒரு காரணம். சாரதியின் காது போதும் என்ற எண்ணம் மற்றொன்று. இவற்றினும் வலிய காரணம் டீசல் இயந்திரத்தின் அமைப்பிலேயே உண்டு. 1923, 1924ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியிற் டீசல் லொறிகள் தோன்றின; 1927இல் பொஷ் நிறுவனத்தின் எரிபொருட் பம்பி வந்தது. பம்பியோடு இணைந்த கவர்னர், இயந்திரம் வரம்பை எட்டியதும் எரிபொருளைக் குறைத்துவிடும். ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்குப் பொருத்திய சுழல் குண்டுகளின் வழிவந்ததே அது. வரம்பு மீற வழியில்லாதபோது அளவு எதற்கு என்று உரிமையாளர் கருதியதிற் பிழை காண இயலாது. சமதரையில் மட்டுமே ஓடும் லொறிக்கு அது சரியே.

கடுகண்ணாவை இறக்கத்தில் அக்கணக்குப் பிழைத்துவிடுகிறது. தாழ்ந்த கியரில் இறங்கும் லொறியின் சில்லுகளே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. கவர்னர் எரிபொருளை முற்றாக நிறுத்தினாலும், பாரம் தள்ளும் தள்ளலை நிறுத்த அதனால் ஆகாது. சுழற்சி இரு மடங்கானால் பிஸ்டன் தண்டுகளை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். வால்வுச் சுருள்கள் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்காமற் போனால், மூட வேண்டிய வால்வு திறந்து நின்று பிஸ்டனில் மோதும். இதற்கு அஞ்சி உயர்ந்த கியரில் இறங்குபவர் பிரேக்கையே நம்ப வேண்டும். அதுவோ தொடர்ந்து அழுத்த அழுத்தச் சூடேறிப் பிடியை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அனுபவம் மிக்க சாரதிகளின் விதி. நல்ல விதியே எனினும், வெறும் லொறியாக ஏறிப் பாரத்தோடு திரும்புபவருக்கு அது முழு விடை ஆகாது.

பெட்ஃபோர்ட், லேலண்ட் லொறிகளும், 1961இல் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிய டாட்டா லொறிகளும் இவ்வீதிகளில் நெடுங்காலம் உழைத்தன. அத்தகைய பழைய லொறிக்குச் சுழற்சிமானி பொருத்துவோர் முதலிற் சந்திக்கும் இடர், டீசலில் தீப்பொறி இல்லாமை. பெற்றோல் இயந்திரத்தில் தீப்பொறிச் சுருளின் துடிப்பை எண்ணினாற் போதும். டீசலிலோ ஆல்டர்னேற்றரில் டபிள்யூ என்று குறித்த முனையிலிருந்து துடிப்பைப் பெறுவர். ஆனால் ஆல்டர்னேற்றர் தன் பட்டிச் சில்லின் அளவுக்கேற்ப இயந்திரத்தினும் விரைவாகச் சுழலும். ஆகவே மானியை அந்த விகிதத்துக்கு இசைவாக்க வேண்டும். பின்னொருநாள் வேறு அளவுச் சில்லை மாட்டினால், மானி கூசாமற் பொய் சொல்லும். கிராங்க் தண்டின் சில்லில் வெண்கோடிட்டுக் கைச் சுழற்சிமானியால் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே முள்ளை நம்பலாம்.

வெப்பமானியிலும் ஏமாற்றம் உண்டு. அதன் உணரி நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் ஒழுகிப்போனால் உணரி வெறுமையில் நின்று குறைந்த வெப்பத்தைக் காட்டக்கூடும், இயந்திரமோ எரிந்துகொண்டிருக்கும். எண்ணெய் அழுத்தமானியைப் புதிதாக இணைப்போர் பழைய எச்சரிக்கை விளக்கைக் கழற்றாது, கிளைக்குழாய் வைத்து இரண்டையும் காப்பது நலம். முள்ளைக் கவனியாத நேரத்தில் விளக்குக் கண்ணிற் படும். காற்றுப் பிரேக் உள்ள லொறிக்குக் காற்றழுத்தமானி பழுதாயின், வேறெதையும் சீர்செய்யுமுன் அதையே சீர்செய்தல் வேண்டும்.

மானியின் முகத்திற் சிவப்புக் கோடு அச்சிட்டிருப்பினும், அது எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான கோடு அன்று. லொறியின் கைநூல் கூறும் உச்சச் சுழற்சியைப் பார்த்து, அவ்விடத்திற் சிறிது சிவப்பு வர்ணம் தீட்டிக்கொள்வர். இறக்கம் தொடங்குமுன், மேலேயே, கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். முள் அக்கோட்டை நெருங்கினாற் பிரேக்கை உறுதியாக அழுத்தி வேகத்தைத் தணித்து, பின் காலை எடுத்துவிட வேண்டும். முள் மீண்டும் ஏறும் வரை பிரேக் ஆறும்.