இன்னொரு ரிங்கு சிங்

ரிங்கு சிங் என்றதும் இன்றைய கிரிக்கெட் இரசிகர்களின் நினைவுக்கு வருபவர் ஒருவரே. 2023 ஏப்ரலில் அஹமதாபாத்தில் நடைபெற்ற ஐ.பி.எல். ஆட்டமொன்றில் கடைசி ஐந்து பந்துகளையும் சிக்ஸர்களாக்கி கொல்கத்தா அணியைக் கரையேற்றிய இளைஞர் அவர். உத்தரப் பிரதேசத்தின் அலிகாரைச் சேர்ந்தவர். வறுமையில் வளர்ந்து விளையாட்டால் உயர்ந்தவர். அதே மாநிலத்தில், அதே வறுமையில், அதே பெயரோடு பிறந்த இன்னொருவர் இருக்கிறார். கிரிக்கெட்டுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பந்தை எறிவதையே பிழைப்பாகக் கொண்டு ஏழு கடல் தாண்டிச் சென்றவர். அவரது வரலாற்றைத் தமிழில் எவரும் முழுமையாக எழுதியதாக நான் காணவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பேஸ்போல் நமக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றல்ல. பாடசாலைப் போட்டிகளிலும் சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலும் ஆடப்படும் 'எல்லே' அதற்குத் தூரத்து உறவு. தடியால் பந்தை அடித்துவிட்டு, குறிக்கப்பட்ட இடங்களைத் தொட்டு வட்டமாக ஓடி வந்து சேர வேண்டும். ஆனால் பேஸ்போலில் முழு ஆட்டமும் ஒரு மனிதனின் கையிலேயே தொங்குகிறது. அவர்தான் பந்தெறிவாளர். பதினெட்டரை மீற்றர் தூரத்திலிருந்து, பந்து தரையில் படாமல், ஒரு கற்பனைச் சதுரத்துக்குள் அவர் எறிய வேண்டும். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் நடுவர் 'நோ போல்' என்பார். இங்கே மடக்கி எறிவதுதான் வித்தை.

ஒன்பது இன்னிங்ஸ்களில் எதிரணியின் இருபத்தேழு பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான ஆட்டங்களை ஒரே பந்தெறிவாளர் தொடங்கி அவரே முடித்தும் வைத்தார். அவர் களைத்துவிட்டால் இறக்கப்படுபவரே 'ரிலீஃப் பிச்சர்' எனப்படும் மாற்றுப் பந்தெறிவாளர். அக்காலத்தில் அது இரண்டாந்தரப் பதவி. முதல்வராக நிற்கத் தகுதியற்றவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். மைதானத்தின் ஓரத்தில் 'புல்பென்' என்று அழைக்கப்படும் அடைப்புக்குள் அவர்கள் காத்திருப்பார்கள். அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். பத்திரிகைக் காரியாலயத்தின் இரவுப் பணி உதவியாசிரியரைப் போன்றவர்கள் இவர்கள். பக்கத்தை அமைத்தவர் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு வருவார்கள். நள்ளிரவில் வந்து விழும் செய்தியைச் சமாளிப்பார்கள். மறுநாள் பாராட்டு வேறொருவருக்குப் போகும்.

இவர்களுக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்தவர் ஒரு பத்திரிகையாளர் என்பது நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் பெருமைப்பட வேண்டிய விடயம். சிக்காகோவின் விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் ஒரு முரண்பாட்டைக் கவனித்தார். 1959 இல் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணியின் மாற்றுப் பந்தெறிவாளர் எல்ரொய் ஃபேஸ் 18 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கைப் பெற்றிருந்தார். ஆனால் அவற்றுள் பல, தன் அணி பெற்றிருந்த முன்னிலையை அவரே பறிகொடுத்து, பின்னர் சக வீரர்களின் துடுப்பாட்டத்தால் மீண்டு கிடைத்த வெற்றிகள். முன்னிலையைக் கடைசிவரை கட்டிக் காத்தவருக்கோ கணக்கில் எதுவுமில்லை. இந்த அநீதியைத் தீர்க்க ஹோல்ட்ஸ்மன் 'சேவ்' என்ற கணக்கை வகுத்தார். 1969 இல் அது அதிகாரபூர்வமானது. அதன் பின்னரே மாற்றுப் பந்தெறிவாளர் என்பவர் தனித் தொழிலாளி ஆனார். பனாமாவைச் சேர்ந்த ஏழை மீனவரின் மகனான மரியானோ ரிவேரா நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக 652 'சேவ்'களைக் குவித்து 2013 இல் ஓய்வு பெற்றார். 2019 இல் புகழ் மண்டபத்துக்கு ஒரு வாக்குக்கூட எதிராக விழாமல் தெரிவான முதல் வீரரும் அவரே.

இனி நம் ரிங்கு சிங்குக்கு வருவோம்.

கம்பளங்களுக்குப் பேர்போன பதோஹி மாவட்டத்தில் 1988 ஓகஸ்டில் பிறந்தவர் அவர். தந்தை லொறிச் சாரதி. ஒன்பது பிள்ளைகள், ஓரறை வீடு. பாடசாலைக் காலத்தில் ஈட்டி எறிதலில் பிரகாசித்தார். அது லக்னோவில் உள்ள விளையாட்டுக் கல்லூரிக்கு வழி திறந்தது.

2007 இன் இறுதியில் அமெரிக்காவிலிருந்து ஒரு கூட்டம் இந்தியா வந்தது. விளையாட்டு வீரர்களின் முகவரான ஜே.பி. பேர்ன்ஸ்டைன் என்பவரின் திட்டம் எளிமையானது. நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும், கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் மணிக்கு தொண்ணூறு மைல் வேகத்தில் பந்தெறியக்கூடிய கைகள் சில இருக்கத்தானே வேண்டும்? 'மில்லியன் டொலர் ஆர்ம்' என்ற பெயரில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. ஊர் ஊராகச் சென்று முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோரை எறிய வைத்தார்கள். மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்த ரிங்கு வென்றார். வாரணாசிப் பக்கத்து இளைஞர் தினேஷ் பட்டேல் இரண்டாமிடம். போட்டியின் பெயரில் இருந்த பத்து இலட்சம் டொலர் எவருக்கும் கிடைக்கவில்லை. ரிங்குவுக்குக் கிடைத்தது ஓர் இலட்சம் டொலர்.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கிரிக்கெட் நாட்டில் வேகப் பந்துவீச்சாளரைத் தேடி வந்தவர்களுக்குக் கிடைத்த இருவருமே ஈட்டி எறிபவர்கள். யோசித்தால் இதில் வியப்பில்லை. சிறுவயது முதல் கையை நீட்டியே பந்துவீசிப் பழகியவனுக்கு அந்தப் பழக்கத்தை உடைப்பது கடினம். ஈட்டி எறிபவனோ தோளுக்கு மேலாக முழங்கையை மடக்கிச் சுண்டுபவன். அவனது உடல் பேஸ்போலின் அசைவுக்கு ஏற்கனவே பாதி பழகியிருக்கிறது. அதே அசைவில் முழங்கையின் உட்புறத் தசைநாருக்கு ஏறும் சுமையும் அதிகம் என்பதைப் பின்னர் பார்க்கப் போகிறோம்.

2008 மே மாதம் இருவரும் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பேஸ்போல் ஆட்டமொன்றை அதுவரை பார்த்திராதவர்கள், ஆங்கிலமும் தெரியாது. அவர்களுக்கு வாய்த்த ஆசான் டொம் ஹவுஸ். அவரும் ஒரு காலத்தில் இடதுகை மாற்றுப் பந்தெறிவாளரே. 1974 ஏப்ரல் 8 ஆம் திகதி ஹாங்க் ஆரன் தமது 715 ஆவது 'ஹோம் ரன்'னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, அந்தப் பந்து அட்லாண்டா அணியின் புல்பென்னுக்குள் போய் விழுந்தது. காத்திருந்தவர்களில் அதைப் பிடித்தவர் ஹவுஸ். அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பந்துகளில் ஒன்று, ஆட்டத்தில் இல்லாமல் ஓரத்தில் நின்ற ஒருவரின் கையுறைக்குள் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்டவரிடம் ரிங்கு பயின்றது பொருத்தமே.

2008 நவம்பரில் அரிசோனாவில் தெரிவாளர்கள் முன்னிலையில் இருவரும் எறிந்து காட்டினார்கள். அதே மாதம் 24 ஆம் திகதி பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. எல்ரொய் ஃபேஸ் எறிந்த அதே அணி. கையில் பந்தைப் பிடித்து ஓராண்டு ஆகியிருந்த நிலையில் இது எவரும் எதிர்பாராத செய்தி.

டிஸ்னி நிறுவனம் 2014 மே மாதம் வெளியிட்ட 'மில்லியன் டொலர் ஆர்ம்' திரைப்படம் இத்துடன் முடிந்துவிடுகிறது. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த படம் என்பதால் தமிழர் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். படத்தின் நாயகன் முகவர்தான். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவரது கதை நிறைவடைகிறது. ரிங்கு சிங்கின் தொழில் வாழ்க்கையோ அன்றுதான் தொடங்கியது.

அமெரிக்கப் பேஸ்போலில் தலைமை லீக்குக்குக் கீழே ஏணிப்படிகள் போலப் பல தரங்கள் உள்ளன. இவர்கள் நிறுத்தப்பட்டது அடிப்படியில். புளோரிடாவின் கொளுத்தும் நண்பகலில், பார்வையாளர் விரல்விட்டு எண்ணக்கூடிய மைதானங்களில் நடக்கும் புதுமுகங்களுக்கான லீக் அது. 2009 ஜூலை 4 ஆம் திகதி ரிங்கு களமிறங்கினார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போல் ஆட்டத்தில் ஆடிய முதல் இந்தியப் பிரஜை என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்த முதற்பருவத்தில் 11 ஆட்டங்களில் இறங்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 5.84. மோசமான கணக்குத்தான். அடுத்த ஆண்டு அது 2.61 ஆகக் குறைந்தது. முதலாண்டில் ரிங்குவைவிட நன்றாக எறிந்த தினேஷ் இரண்டாமாண்டில் சறுக்கினார். 2010 டிசம்பரில் அவர் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு தனியரானார்.

அதன் பின் அவர் படிப்படியாக மேலேறினார். 2011-12 பருவத்தில் அவுஸ்திரேலிய லீக்கில் கன்பெரா கவல்றி அணிக்கு ஆடினார். 2012 இல் 'ஏ' தர அணியான வெஸ்ட் வேர்ஜினியா பவரில் முழுப்பருவமும் பணியாற்றினார். நியூஜேர்சி முதல் ஜோர்ஜியா வரை பரந்து கிடந்த லீக் அது; பயணமெல்லாம் பஸ்ஸில். 39 ஆட்டங்கள், 72 இன்னிங்ஸ்கள், 3 வெற்றி, 1 தோல்வி, சராசரி 3.00. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் இந்த ஆட்டத்தின் பெயரையே அறியாதிருந்த ஒருவரின் கணக்கு இது. தொலைக்காட்சி வேடிக்கை என்று எள்ளியவர்களுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

இத்தனைக்கும் கிடைத்த ஊதியம் என்ன? 2022 இல்கூட அடித்தர வீரர்களின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 4,800 டொலர், 'ஏ' தரத்தில் 11,000 டொலர். ரிங்கு ஆடிய காலத்தில் இதனிலும் குறைவு. 2023 இல் தொழிற்சங்கத்தின் முதலாவது கூட்டு ஒப்பந்தம் வந்த பிறகே இவை முறையே 19,800, 26,200 டொலர்களாக உயர்ந்தன. கோடிகள் புரளும் விளையாட்டின் அடித்தளம் இத்தகைய கூலிகளின் தோள்களில்தான் நின்றது.

2013 இல் கை பழுதடைந்தது. முழங்கைத் தசைநார். இந்தக் காயத்துக்கான சத்திரசிகிச்சைக்கு 'டொமி ஜோன்' என்று ஒரு வீரரின் பெயரே வழங்கி வருகிறது. 1974 இல் வைத்தியர் ஃபிராங்க் ஜோப், டொமி ஜோனின் மறு கையிலிருந்து நரம்பு போன்ற ஒரு தசைநாணை எடுத்து அறுந்த இடத்தில் பொருத்தினார். அவரும் இடதுகைக்காரரே. அதன்பின் 1989 வரை ஆடி, மேலும் 164 ஆட்டங்களை வென்றார். ரிங்குவுக்கு அந்தப் பாக்கியம் அமையவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் பருவங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. தன் கதையைச் சொல்லும் படம் உலகத் திரையரங்குகளில் ஓடியபோது அவர் ஆட முடியாத கையுடன் இருந்தார். 2012 பருவத்தின் பின் அமெரிக்க லீக் ஆட்டம் எதிலும் அவர் எறியவேயில்லை.

அவர் தேறி வந்திருந்தாலும் காலம் அவருக்கு இடம் வைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. இடதுகை மாற்றுப் பந்தெறிவாளர்களுக்கென ஒரு சிறப்பு வேலை இருந்தது. எதிரணியின் இடதுகை அடிப்பாளர் ஒருவருக்கு மட்டும் எறிந்துவிட்டு வெளியேறுவது. ஆட்டம் நீளுகிறது என்று 2020 இல் விதியை மாற்றினார்கள். இறங்குபவர் குறைந்தது மூவருக்கேனும் எறிய வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்றார்கள். பலருக்குச் சோறு போட்ட வேலை அத்துடன் அருகிப் போனது.

ரிங்கு வேறு களம் தேடினார். 2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். 2022 ஏப்ரலில் 'வீர் மஹான்' என்ற பெயரில், நெற்றியில் திருநீற்றுப் பட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றினார். 2024 ஏப்ரலில் அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

இதனை வெற்றிக் கதை என்பதா, தோல்விக் கதை என்பதா? திரைப்படத்துக்கு வெற்றி போதும்; விளம்பரத்துக்கு வேகம் போதும். வரலாறு எழுதுபவனுக்கு அந்த 72 இன்னிங்ஸ்களே முக்கியம். அவை போட்டியில் கிடைத்த பரிசல்ல, உழைத்துச் சம்பாதித்தவை.

நம் கரையோரத்தில், ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும், மென்பந்துச் சுற்றுப்போட்டிகளிலும் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளிலும் அபாரமான கைகளைக் காண்கிறோம். காலி மாவட்டத்தின் ரத்கமக் கடற்கரையில் மென்பந்து வீசித் திரிந்த லசித் மாலிங்க இறுதி ஓவர்களின் மன்னனாக உயர்ந்தது, அவரைக் கண்டெடுத்த சம்பக்க ராமநாயக்க போன்ற ஒரு பயிற்றுநரும் அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பும் இருந்ததால்தான். உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஈட்டி எறிந்த பையன்களைக் கண்டெடுக்க அமெரிக்க முகவர் ஒருவர் வர வேண்டியிருந்தது. நீரஜ் சோப்ரா ஈட்டியால் ஒலிம்பிக் தங்கம் வென்றது 2021 இல். பதோஹியின் ஈட்டி வீரனுக்கு அந்த வழி அன்று தெரிந்திருக்கவில்லை, காட்டுவாரும் இல்லை.

திறமையைத் தேடி வெளியிலிருந்து எவராவது வருவார்கள் என்று காத்திருப்பதும் ஒருவகைப் புல்பென்தான். வருபவர் வேகத்தை அளக்கும் கருவியோடுதான் வருவார். அந்தக் கை பழுதடைந்த பின்னர் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கும் அமைப்பு ஒன்றும் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தின் விளையாட்டு உத்தியோகத்தர்களும், கழகங்களும், பாடசாலை அதிபர்களும் ரிங்கு சிங்கின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.