துணிவும் உரிமமும்

தில்லியின் தென்மேற்குப் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த மோதி பாக்கில், 1707இல் குரு கோவிந்த் சிங் தங்கியதாகச் சீக்கிய மரபு சொல்லும் இடத்தில் குருத்வாரா ஒன்று உள்ளது. அங்கு வந்துசெல்லும் சீக்கியர் பலர் அணியும் கிர்பான் என்னும் குறுவாளை, அவர்களது சமய உரிமையின் பகுதியாக அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் உறுப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்க விரும்புவோரோ பொதுவாக உரிமம் பெற்றாக வேண்டும். ஆயுதம் உடைய ஒருவரின் கண்ணெதிரே கடையொன்று கொள்ளையிடப்பட்டால் அவர் தலையிடலாமா என்ற வினாவுக்கு இந்தியச் சட்டம் தரும் விடை, 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் அளித்த தண்டனைச் சட்ட வரைவில் வேர்கொண்டுள்ளது.

கொள்ளைக் கூட்டங்களின் கொடுமையை இந்திய மக்கள் எதிர்ப்பின்றிப் பொறுத்துக்கொள்வதைச் சமூகத்தின் கவலைக்குரிய அறிகுறியாகக் கருதிய அவ்வாணையம், தற்காப்புரிமைக்குத் தடைகளைப் பெருக்குவதைவிட மக்களிடம் துணிவை ஊட்டுவதே தேவை என்று வாதிட்டது. அந்த வாதம் பாதி உண்மையைத்தான் சொன்னது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் களவு போன பொருளை மீட்டுத் தரவோ ஈடு செலுத்தவோ கடமைப்பட்டிருந்த காவல்காரர் முறை அப்போது நினைவிலிருந்து மறைந்திருக்கவில்லை. பாளையக்காரர் போர்களுக்குப் பின் 1801இல் அப்பகுதி மக்களின் ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டதும் கும்பெனி அரசுதான்.

1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், தன் உடலையும் உடைமையையும் மட்டுமன்றிப் பிறருடையவற்றையும் காக்கும் உரிமையை 97ஆம் பிரிவில் வழங்கியதோடு, கொள்ளையைத் தடுக்கையில் கொள்ளையனுக்கு மரணம் விளைவிப்பதையும் 103ஆம் பிரிவில் அனுமதித்தது. ஆனால் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்களித்துவிட்டு இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. துணிந்து எதிர்க்கச் சொன்ன அரசே கையிலிருந்த கருவியைப் பிடுங்கியது என்றால் மிகையாகாது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பாகுபாட்டுக்கு இடம் தரவில்லையெனினும் உரிம முறையைத் தொடர்ந்தது.

தலையிடுபவர் மீது சட்டம் வைக்கும் கடிவாளம் காலத்தைப் பற்றியது. திருட்டு என்பது பொருளைக் கவர்தல், கொள்ளை என்பது அதனோடு தாக்குதலோ உடனடித் தாக்குதல் பற்றிய அச்சமோ சேர்வது. ஆகவே கத்தி கடைக்காரரின் கழுத்தில் இருக்கும்வரை, அதாவது உடனடி மரணம், காயம், தடுத்துவைப்பு ஆகியவற்றின் அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே கொள்ளைக்கு எதிரான உரிமை நிலைக்கும் என்று 105ஆம் பிரிவு வரையறுத்தது. கொள்ளையன் கத்தியை எறிந்துவிட்டுத் தெருவில் ஓடத் தொடங்கினால், அவன் முதுகை நோக்கிச் சுடுபவர் தாமே குற்றவாளிக் கூண்டில் ஏற நேரலாம். 1962இல் ஜெய் தேவ் வழக்கில், அபாயம் நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது கொள்ளை வழக்கன்று, வயல் தகராறு, எனினும் கோட்பாடு ஒன்றே. அதே நீதிமன்றம், அபாயத்தின் நடுவே நிற்பவர் தம் அடியைப் பொன்னைப்போல் நிறுத்துப் பார்க்க இயலாது என்பதையும் பல தீர்ப்புகளில் ஒப்புக்கொண்டுள்ளது.

அருகில் நிற்கும் அப்பாவிகள் பற்றி 106ஆம் பிரிவு பேசியது. உயிருக்கு அஞ்சவேண்டிய தாக்குதலில், குழந்தைகள் கலந்திருக்கும் கும்பலை நோக்கிச் சுட்டால்தான் தப்ப முடியும் என்ற நிலையை அது எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த அபாயத்தை ஏற்கவும் இடமளித்தது. வாடிக்கையாளர் நிறைந்த கடைக்கு அந்தச் சலுகையை எளிதில் நீட்டுவது விவேகமாகாது. அங்கே காவல்துறைக்குச் சொல்லிவிட்டுச் சாட்சியாக நிற்பதே பெரும்பாலும் சரியான முடிவு. கொள்ளையைக் கண்டு தகவல் தருவது குடிமகனின் கடமை; ஆயுதத்தோடு குறுக்கிடுவதோ கடமையன்று.

தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இவ்விதிகளை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் பெரிய மாற்றமின்றி ஏற்றுக்கொண்டது. அதனோடு வந்த நடைமுறைச் சட்டம், தனிமனிதர் ஒருவர் பிடித்த குற்றவாளியை ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற காலவரம்பைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது.